செங்கல் பிடித்துப் பழகிய கை

விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் அச்சு வார்த்தும் சூளை அடுக்கியும் பகலைக் கழித்து, மாலையில் கபடிக் களம் இறங்கும் இளைஞர்களுக்கு,

வைட் ரிசீவர் என்பவர் அமெரிக்கக் கால்பந்தில், எறியப்படும் பந்தை ஓடிப்போய்ப் பிடிப்பதற்கென்றே நிறுத்தப்படும் ஆட்டக்காரர். உலகம் ஆடும் கால்பந்துக்கும் இதற்கும் உறவு குறைவு. இரு முனையும் கூர்த்த பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவதும், எறிவதும், பிடிப்பதும், பிடித்தவரைச் சாய்ப்பதும்தான் ஆட்டம். அணிக்குப் பதினொரு பேர். களத்தின் நீளம் 100 யார்டு. இரு கோடியிலும் பத்துப் பத்து யார்டுக்கு ‘எண்டு ஸோன்’. பந்து கையிலுள்ள அணிக்கு நான்கு வாய்ப்புகள். அதற்குள் பத்து யார்டு முன்னேறிவிட்டால் மறுபடி நான்கு. முன்னேறாவிட்டால் பந்து எதிரணிக்கு. எண்டு ஸோனுக்குள் பந்தைச் சேர்த்தால் டச் டவுன், ஆறு புள்ளி. பந்தை எறிபவர் குவார்ட்டர்பேக். கூட்டத்தை விட்டு விலகிக் கோட்டோரத்தில் நிற்பவர் வைட் ரிசீவர். அவரை மறிக்க எதிரே நிற்பவர் கார்னர்பேக்.

இந்த இருவருக்கும் நடப்பது என்னவென்று கபடி ஆடுகிறவர்களுக்கு அதிகம் விளக்க வேண்டியதில்லை. பாடிப் போகிறவர் எதிரணியின் கார்னரில் நிற்பவரை எப்படிப் பார்க்கிறாரோ, ரிசீவர் கார்னர்பேக்கை அப்படித்தான் பார்க்கிறார். கண்ணைப் பார்ப்பதில்லை, இடுப்பைப் பார்க்கிறார். எதிராளியின் எடை எந்தக் காலில் இறங்குகிறதோ அதற்கு மறுபக்கம் உடம்பைக் கொண்டுபோய்விட வேண்டும். கபடியில் இதற்கு 30 விநாடி உண்டு, தொட்டபின் திரும்பி வரும் வேலையும் உண்டு. ரிசீவருக்குத் திரும்பும் கவலை இல்லை. ஆனால் அவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் இரண்டு மூன்று விநாடி. அதற்குள் எதிராளியை விட்டு ஓரடி விலகாவிட்டால் அந்த ஓட்டம் வீண்.

இன்னொரு வித்தியாசம் பெரியது. ரைடர் களத்தில் தன் யோசனைக்குத் தக்கபடி ஓடலாம். ரிசீவருக்கு அது இல்லை. அவர் ஓட வேண்டிய பாதை முன்பே வரைந்து வைக்கப்பட்டது. ‘ரூட்’ என்று பெயர். பத்து யார்டு நேராக ஓடி உள்பக்கம் வெட்டுவது ஒரு ரூட். மூன்றே அடி வைத்துச் சாய்வாக நடுக்களத்துக்குள் நுழையும் ‘ஸ்லான்ட்’ ஒரு ரூட். திரும்பிப் பார்க்காமல் கோடி வரை ஓடுவது மற்றொன்று. குவார்ட்டர்பேக் பல நேரம் ரிசீவர் திரும்புவதற்கு முன்பே பந்தை விட்டுவிடுவார். ஆள் எங்கே இருக்கிறார் என்று பார்த்து எறிவதில்லை, எங்கே இருக்கப்போகிறார் என்று கணக்கிட்டு எறிகிறார். ஏழாவது அடியில் வெட்ட வேண்டியவர் எட்டாவதில் வெட்டினால் பந்து வெறும் காற்றுக்குப் போகும், அல்லது எதிராளியின் கைக்கு. ஆகவே இந்தத் தொழிலில் வேகத்தைவிடத் துல்லியம் பெரிது. அமெரிக்காவிலேயே பலர் இதை நம்புவதில்லை. ஆண்டுதோறும் 40 யார்டு ஓட்டத்தைக் கடிகாரம் வைத்து அளந்துதான் புது ஆட்களுக்கு விலை பேசுகிறார்கள். அந்த அளவையை நம்பினால் ஏமாந்து போவோம் என்பதற்கு ஜெர்ரி ரைஸ் என்ற ஒருவரின் வாழ்க்கை போதும்.

இந்த மடல் அவரைப் பற்றியது. விருத்தாசலத்துக்கு அவரைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. நெய்வேலிப் பக்கத்து வெண்களிமண்ணை நம்பி எழுந்தது இந்த ஊரின் பீங்கான் தொழில். ஃப்யூஸ் கட்டை, மின்கம்பத்துப் பீங்கான், அகல் விளக்கு, பொம்மை என்று எதைச் செய்தாலும் சுடுமண்ணைக் கையில் வாங்கி, உடையாமல் அடுத்த கைக்குத் தருவதுதான் அன்றாட வேலை. ரைஸின் கையும் சுட்ட மண்ணில்தான் பழகியது.

1962 அக்டோபர் 13 அன்று மிசிசிப்பி மாநிலத்தில் பிறந்த ரைஸ், கிராஃபர்டு என்ற சிற்றூரில் வளர்ந்தார். எட்டுப் பிள்ளைகள் உள்ள வீடு. தந்தை ஜோ நேத்தன் கொத்தனார். கோடை விடுமுறையில் மகன்களுக்கு விளையாட்டு கிடையாது, கட்டட வேலை. கீழே நிற்கும் அண்ணன் தம்பிகள் செங்கல்லை மேலே வீச, சாரத்தில் நிற்கும் ரைஸ் வாங்கி அடுக்க வேண்டும். ஒன்று வந்து சேர்வதற்குள் அடுத்தது கிளம்பிவிடும். கையை விறைப்பாக வைத்தால் விரல் போகும். வருகிற கல்லோடு கையும் சற்றுப் பின்வாங்கி அதன் வேகத்தைத் தின்றுவிட வேண்டும். பிற்காலத்தில் பந்து பிடிப்பதைச் சொல்லிக்கொடுக்கும் பயிற்சியாளர்கள் ‘மென்மையான கை’ என்று விளக்க முயல்வது இதைத்தான். ரைஸ் அதைக் கூலி வேலையில் கற்றார்.

அவர் கால்பந்துக்கு வந்தது ஒரு குற்றத்தால். பள்ளியில் வகுப்புக்குப் போகாமல் சுற்றிக்கொண்டிருந்தபோது நிர்வாகி ஒருவர் பின்னால் வந்து நிற்க, பையன் எடுத்தான் ஓட்டம். அவன் ஓடிய வேகத்தைப் பார்த்தவர் தண்டனையோடு நிறுத்தவில்லை. கால்பந்துப் பயிற்சியாளரிடம் சொல்லிவிட்டார். தாய்க்கு முதலில் விருப்பமில்லை. முரட்டு ஆட்டம், கைகால் போகும் என்ற பயம். அந்தப் பயத்தில் நியாயம் இல்லாமலில்லை, அது பின்னால் வரும்.

பெரிய பல்கலைக்கழகங்கள் எதுவும் அவரைத் தேடி வரவில்லை. சிற்றூர்ப் பள்ளி, யாரும் பார்க்காத போட்டிகள். கறுப்பின மாணவர்களுக்கென உருவான மிசிசிப்பி வேலி மாநிலப் பல்கலைக்கழகத்தின் பயிற்சியாளர் ஆர்ச்சி கூலி மட்டும் அழைத்தார். இட்டா பீனா என்ற சின்ன ஊரில் உள்ள கல்லூரி அது. கூலிக்கு எறிந்தாடும் ஆட்டத்தில் பித்து. பந்தைத் தூக்கிக்கொண்டு இடித்து முன்னேறுவதே வழக்கமாக இருந்த காலத்தில், எல்லா வாய்ப்பிலும் எறிய வைத்தார். எறிந்தவர் வில்லி டோட்டன், பிடித்தவர் ரைஸ். 1984இல் ஒரே பருவத்தில் ரைஸ் 27 டச் டவுன் பிடித்தார். உலகில் எதையும் பிடித்துவிடுவார் என்று சக மாணவர்கள் வைத்த பட்டப்பெயர் ‘வேர்ல்டு’. அந்தக் கல்லூரி மைதானத்துக்கு இன்று ரைஸ், டோட்டன் இருவர் பெயரும் சேர்த்து வழங்குகிறது.

இங்கே எறிபவர் பெயரும் சேர்ந்திருப்பது சரிதான். ரிசீவரின் வாழ்க்கையில் பாதி அடுத்தவர் கையில் இருக்கிறது. எறியத் தெரியாதவனோடு சேர்ந்த நல்ல ரிசீவர்கள் பெயர் தெரியாமலே ஓய்ந்திருக்கிறார்கள். இந்த விஷயத்தில் ரைஸுக்கு வாய்த்த அதிர்ஷ்டம் கொஞ்சநஞ்சமல்ல. கல்லூரியில் டோட்டன், தொழிலில் முதலில் ஜோ மான்டானா, பிறகு ஸ்டீவ் யங். கடைசி இருவரும் அந்த ஆட்டத்தின் புகழ் மன்றத்தில் இடம்பெற்றவர்கள். உழைப்பைப் பற்றிப் பேசும்போது இதைச் சொல்லாமல் விடுவது பொய்யாகிவிடும்.

தொழில்முறை லீகுக்குள் நுழையும் வாசல் அங்கே ‘டிராஃப்ட்’. ப்ரோ கபடி லீகின் ஏலம் போலப் பணம் கூறிப் பிடிப்பதில்லை. முந்தைய ஆண்டில் மோசமாக ஆடிய அணி முதலில், வென்ற அணி கடைசியில் என்று வரிசையாக ஆளைப் பொறுக்குவார்கள். 1985 ஜனவரியில் பட்டம் வென்ற சான் பிரான்சிஸ்கோ 49ஏர்ஸ் அணிக்குக் கடைசி இடம். அதன் பயிற்சியாளர் பில் வால்ஷ், அதற்கு முந்தைய இலையுதிர் காலத்தில் ஹூஸ்டனில் ஒரு விடுதி அறைத் தொலைக்காட்சியில் ரைஸின் ஆட்டத் துணுக்குகளைப் பார்த்திருந்தார். மற்ற அணிகளின் ஆள்தேர்வாளர்கள் 40 யார்டுக்கு 4.7 விநாடி என்ற ரைஸின் கணக்கைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்கள். ரிசீவருக்கு அது மெதுவான ஓட்டம். வால்ஷ் தன் தேர்வுரிமைகளைச் சேர்த்து நியூ இங்கிலாந்து அணிக்குக் கொடுத்து, 16ஆம் இடத்துக்கு முன்னேறி ரைஸை எடுத்தார். அவருக்கு முன்பே இரண்டு ரிசீவர்களை வேறு அணிகள் எடுத்திருந்தன.

முதல் பருவம் சோதனையாகத்தான் போனது. செங்கல்லைத் தவறவிடாத கை பந்தைத் தவறவிட்டது. சொந்த மைதானத்து ரசிகர்களே கூச்சலிட்டார்கள். வால்ஷின் ஆட்டப் புத்தகம் தடிமனானது. ஒவ்வொரு ரூட்டிலும் எதிரணி நிற்கும் விதத்துக்கேற்ப மாற்றங்கள். ஓடிக்கொண்டே யோசிப்பவன் கை பந்தில் இருக்காது. அந்த ஆண்டு டிசம்பரில் லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் அணிக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் பந்து பிடித்து 241 யார்டு எடுத்தபிறகுதான் கூச்சல் அடங்கியது. அடுத்த ஆண்டு, 1986இல், 1,570 யார்டு. லீகிலேயே அதிகம்.

அந்தப் பருவத்தின் முடிவில் நடந்ததையும் சொல்ல வேண்டும். 1987 ஜனவரி 4 அன்று நியூயார்க் ஜயன்ட்ஸுக்கு எதிரான நாக் அவுட் ஆட்டத்தின் தொடக்கத்திலேயே ரைஸ் பந்தைப் பிடித்து, எதிரே யாரும் இல்லாமல் எண்டு ஸோனை நோக்கி ஓடிக்கொண்டிருந்தார். யாரும் தொடவில்லை, தள்ளவில்லை. பந்து தானாகக் கையை விட்டு நழுவியது. அன்று 49ஏர்ஸ் 49–3 என்று தோற்றது.

ரைஸின் பெயர் பெற்ற பயிற்சிமுறை இந்த ஆண்டுகளில் உருவானது. சான் பிரான்சிஸ்கோவுக்குத் தெற்கே சான் கார்லோஸ் ஊரில் எட்ஜ்வுட் பூங்காவின் மலைப்பாதை, ஏறத்தாழ இரண்டரை மைல் ஏற்றம். போட்டியில்லாத மாதங்களில் சக ஆட்டக்காரர் ரோஜர் கிரெய்க் போன்றோருடன் அதில் ஓடினார். காலையில் ஓட்டம், மதியம் எடைப்பயிற்சி, வாரத்தில் ஆறு நாள். உடன் ஓட வந்த இளைஞர்கள் பாதிவழியில் வாந்தி எடுத்து உட்கார்ந்த கதைகள் நிறைய. பீங்கானில் கண்ணுக்குத் தெரிவது கடைசியில் ஏறும் கிளேஸின் பளபளப்பு. பாத்திரம் உடையாமல் நிற்பது அடியிலுள்ள மண் சூளையில் பட்ட வேக்காட்டால். ரைஸுக்கு அந்த மலைதான் சூளை. மைதானப் பயிற்சியில் அவருக்கு இன்னொரு வழக்கமும் உண்டு. மற்றவர்கள் பந்தைப் பிடித்ததும் நின்று திரும்பிவிடுவார்கள். அவர் ஒவ்வொரு முறையும் எண்டு ஸோன் வரை ஓடிவிட்டுத்தான் திரும்புவார். பிடிப்பதோடு வேலை முடிகிறது என்று உடம்பு நினைத்துவிடக் கூடாது என்பது கணக்கு.

அதன் பலன் ஸ்லான்ட் ரூட்டில் தெரிந்தது. ஐந்தாறு யார்டு எறியப்படும் சின்னப் பந்து. ரைஸ் அதை ஓட்டம் குறையாமல் வாங்கி, இரண்டு எதிராளிகள் இடையே புகுந்து அறுபது எழுபது யார்டு போய்விடுவார். 4.7 விநாடி என்று எழுதப்பட்டவரை யாரும் பின்னாலிருந்து துரத்திப் பிடித்ததாகப் பெரிதாகச் செய்தி இல்லை. வெறும் உடம்போடு நேர்கோட்டில் ஓடும் வேகம் வேறு; கவசம் மாட்டி, பந்தோடு, அறுபது நிமிட ஆட்டத்தின் கடைசிக் காற்பகுதியில் ஓடும் வேகம் வேறு. நான்காம் காற்பகுதியில் எல்லோரும் தளரும்போது அவர் தளர்வதில்லை என்பதே அவர் வேகத்தின் ரகசியம்.

1987இல் ஆட்டக்காரர்களின் வேலைநிறுத்தத்தால் அவர் ஆடியது 12 ஆட்டம்தான். அதில் 22 டச் டவுன். இந்தச் சாதனையை ராண்டி மாஸ் என்ற ரிசீவர் 2007இல் ஒன்றால் முந்தினார். மாஸ் ஆடியது 16 ஆட்டம். 1989 ஜனவரி 22 அன்று சின்சினாட்டி பெங்கால்ஸுக்கு எதிரான சூப்பர் பவுலில், அதாவது லீகின் பட்டத்துக்கான இறுதி ஆட்டத்தில், ரைஸ் 11 பந்து பிடித்து 215 யார்டு எடுத்துச் சிறந்த ஆட்டக்காரர் ஆனார். ஆட்டம் முடிய மூன்று நிமிடமும் சில விநாடிகளும் இருக்க, மூன்று புள்ளி பின்தங்கிய நிலையில், தங்கள் எண்டு ஸோனுக்கு முன் எட்டாவது யார்டிலிருந்து மான்டானா கிளம்பி 92 யார்டு கொண்டுபோனார். அந்த நடையில் ரைஸ் முக்கியமான பந்துகளைப் பிடித்தார். ஆனால் வெற்றிப் பந்து போனது சக ரிசீவர் ஜான் டெய்லரின் கைக்கு. பெங்கால்ஸின் கண்ணெல்லாம் ரைஸ் மீது இருந்ததில் டெய்லருக்கு இடம் கிடைத்தது. பந்து வராமலே ஆட்டத்தை மாற்றுவதும் ரிசீவரின் தொழில்தான். கணக்குப் புத்தகத்தில் அது ஏறாது. 

அடுத்த ஆண்டு சூப்பர் பவுலில் டென்வருக்கு எதிராக 55–10 வெற்றி, ரைஸுக்கு மூன்று டச் டவுன். 1995 ஜனவரியில் சான் டியாகோவுக்கு எதிராக ரைஸின் மூன்றாவது பட்டம். தோள் மூட்டு விலகிய நிலையிலும் 149 யார்டு, மறுபடி மூன்று டச் டவுன். இதற்குள் வால்ஷ் போய் ஜார்ஜ் சைஃபர்ட் வந்திருந்தார். மான்டானா போய் இடக்கைக்காரரான யங் வந்திருந்தார். இடக்கைக்காரர் எறியும் பந்து எதிர்ப்பக்கம் சுழலும். வாங்கும் கையை மறுபடி பழக்க வேண்டும். பழக்கிக்கொண்டார். 1994 செப்டம்பர் 5 அன்று, ரெய்டர்ஸுக்கு எதிராக மூன்று டச் டவுன் அடித்து, பழைய ஆட்டக்காரர் ஜிம் பிரவுனின் 126 டச் டவுன் என்ற மொத்தக் கணக்கைத் தாண்டினார். 1995இல் ஒரே பருவத்தில் 1,848 யார்டு. அப்போது வயது 33.

இவ்வளவு சுத்தமான கதையில் ஓர் ஒட்டுக்கறையும் உண்டு, உண்மையிலேயே ஒட்டுத்தான். பந்து கையில் ஒட்டுவதற்கான பசையை லீக் 1981லேயே தடை செய்திருந்தது. தன் கையுறையில் அதைக் கொஞ்சம் தெளித்துக்கொண்டதாக 2015இல் ரைஸ் தானே சொன்னார். அந்தக் காலத்தில் எல்லோரும் செய்ததுதான் என்றும் சேர்த்துக்கொண்டார். எல்லோரும் செய்தார்கள் என்பது எந்த விதிமீறலுக்கும் விளக்கமாகாது. அவர் தலைமுறையின் வேறு சிலர் அதை மறுத்தும் பேசினார்கள். சாதனைகளை அது அழித்துவிடவில்லை. ஆனால் அவரைப் பற்றிச் சொல்லும்போது விட்டுவிடக் கூடிய செய்தியும் அல்ல.

வேலைநிறுத்தத்தில் போனவை தவிர, பன்னிரண்டு பருவம் ஓர் ஆட்டம்கூடத் தவறாமல் ஆடியவருக்கு 1997இன் முதல் ஆட்டத்தில் முழங்கால் போனது. டாம்பா பே அணியின் வாரன் சாப், தலைக்கவசத்தின் முகக்கம்பியைப் பிடித்து இழுத்துச் சாய்த்ததில் இடது முழங்காலின் முன்சிலுவைத் தசைநாரும் உள்பக்கத் தசைநாரும் கிழிந்தன. இந்தக் காயத்துக்கு ஏழெட்டு மாதமாவது ஓய்வு வேண்டும். ரைஸ் மூன்றரை மாதத்தில், டிசம்பர் 15 அன்று, டென்வருக்கு எதிராகக் களம் இறங்கினார். ஒரு டச் டவுனும் பிடித்தார். பிடித்து விழுந்ததில் அதே காலின் முழங்கால் சில்லு விரிசல் விட்டது. பருவம் அத்தோடு முடிந்தது. அவர் மறு ஆண்டு 1,157 யார்டு எடுத்ததால் இந்த அவசரம் வீரக் கதையாகச் சொல்லப்படுகிறது. உண்மையில் அது அவசரம்தான். முழங்காலைக் கட்டிக்கொண்டு மறுவாரமே கபடி ஆடப் போகிறவர்கள் அந்த டிசம்பர் இரவின் பிற்பாதியைத்தான் நினைவில் வைக்க வேண்டும்.

இந்திய ஆட்டத்திலும் நிலை வேறல்ல. 2022 ஏலத்தில் தமிழ் தலைவாஸ் 2.26 கோடி ரூபாய்க்கு எடுத்த பவன் செஹ்ராவத், குஜராத் ஜயன்ட்ஸுக்கு எதிரான முதல் ஆட்டத்திலேயே முழங்கால் காயம் பட்டு அந்தப் பருவம் முழுவதும் வெளியே உட்கார்ந்தார். லீகின் விலையுயர்ந்த கால் ஒரே மாலையில் கட்டிலுக்குப் போனது. அவருக்கு அணியும் மருத்துவரும் இருந்தார்கள். ஊர்த் திருவிழாக் கபடியில் மண்தரையில் விழுபவருக்கு அந்த வசதி இல்லை.

ரைஸின் தாய் பயந்தது கைகாலுக்காக. அமெரிக்கக் கால்பந்தில் அதைவிடப் பெரிய சேதம் தலைக்குள் நடக்கிறது. தலையில் திரும்பத் திரும்ப விழும் அடியால் மூளைத் திசு படிப்படியாகச் சிதையும் நோய் ‘சிடிஇ’. இறந்தபின் மூளையை ஆராய்ந்துதான் உறுதி செய்ய முடிகிறது. ரிசீவர்களில் 2009இல் இறந்த கிரிஸ் ஹென்றி, 2021இல் இறந்த வின்சென்ட் ஜாக்சன், டிமேரியஸ் தாமஸ் மூவருக்கும் அது இருந்தது தெரியவந்தது. மூவரும் நாற்பதைத் தொடாதவர்கள். பந்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் ரிசீவர், பக்கவாட்டில் வரும் இடியைப் பார்க்க முடியாது; அவர் தொழிலின் ஆபத்து அந்த நொடியில் இருக்கிறது. தற்காப்பில்லாத நிலையில் உள்ளவரின் தலையில் மோதக் கூடாது என்ற விதி இறுக்கப்பட்டது பின்னாளில்தான்.

இந்த லீகில் ஓர் ஆட்டக்காரரின் தொழில்வாழ்க்கை சராசரியாக மூன்று நான்கு ஆண்டுதான். ரைஸ் ஆடியது இருபது. அதனால் அவருடைய முதுமையும் களத்திலேயே நடந்தது. 2000 டிசம்பர் 17, சான் பிரான்சிஸ்கோவில் அவருக்கு விடையளிக்கும் ஆட்டம். அன்று அதே அணியின் இளைய ரிசீவர் டெரல் ஓவன்ஸ் 20 பந்து பிடித்துப் புதுச் சாதனை வைத்தார். அணிக்கு இனி யார் வேண்டும் என்பதைச் சொல்ல அறிக்கை தேவைப்படவில்லை. சம்பள வரம்புக்குள் கணக்குப் போடும் அணிகள் பழைய ஆளுக்கு இடம் வைப்பதில்லை. ரைஸ் விரிகுடாவைத் தாண்டி ஓக்லாந்து ரெய்டர்ஸுக்குப் போனார். முடிந்துவிட்டார் என்று எழுதியவர்களுக்கு அங்கே பதில் கிடைத்தது. 2002இல், நாற்பது வயதில், 92 பந்து, 1,211 யார்டு. சூப்பர் பவுலிலும் ஆடி ஒரு டச் டவுன் எடுத்தார். அணி டாம்பா பேயிடம் தோற்றது.

2004 செப்டம்பரில் பஃபலோவுக்கு எதிரான ஆட்டத்தில் அவருக்கு ஒரு பந்தும் வரவில்லை. தொடர்ந்து 274 ஆட்டங்களில் குறைந்தது ஒரு பந்தாவது பிடித்த வரிசை அங்கே அறுந்தது. அந்தப் பருவத்தின் நடுவில் சியாட்டிலுக்கு மாற்றப்பட்டார். அங்கே ரைஸின் சட்டை எண்ணான 80, அந்த அணியின் பழைய ரிசீவர் ஸ்டீவ் லார்ஜென்டைக் கௌரவிக்க ஒதுக்கிவைக்கப்பட்டிருந்தது. டச் டவுன் பிடிப்பில் லார்ஜென்டின் சாதனையை 1992இல் முறியடித்தவர் ரைஸ்தான். லார்ஜென்ட் சம்மதித்து எண்ணை அவருக்கு விட்டுக்கொடுத்தார். 2005இல் டென்வர் அணியின் பயிற்சி முகாமில் சேர்ந்தார். முன்னணி ரிசீவர்களில் இடமில்லை என்று தெரிந்ததும், செப்டம்பர் 5 அன்று, பருவம் தொடங்கும் முன்பே ஓய்வை அறிவித்தார். பெஞ்சில் உட்கார்ந்து சம்பளம் வாங்க அவருக்கு மனமில்லை. நான்கு ஆண்டு முன்பே நிறுத்தியிருக்கலாம் என்பவர்கள் உண்டு. ஆனால் அந்த நாற்பது வயது ஆட்டத்தைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்வதில்லை.

சீக்கிரம் முடிந்த ஆட்டத்துக்கும் நீண்டு நின்ற ஆட்டத்துக்கும் கபடியில் எடுத்துக்காட்டு உண்டு. பர்தீப் நர்வால் 2017இல் ஒரே பருவத்தில் 369 ரைடு புள்ளி எடுத்தவர். பட்னா பைரேட்ஸ் தொடர்ந்து மூன்று பட்டம் வெல்லக் காரணமானவர். லீகின் மொத்தக் கணக்கில் 1,801 ரைடு புள்ளிகளோடு முதலிடம். 2025 ஏலத்தில் அவரை எடுக்க ஒருவரும் கை தூக்கவில்லை. 28 வயதில் ஓய்வை அறிவித்தார். அவருடைய டுப்கி முழங்காலையும் முதுகையும் மடக்கித் தடுப்பாளரின் கைக்கடியில் புகுந்து வருவது. உடம்பு மடங்கும்வரைதான் அந்த வித்தை. தஞ்சாவூர் மாவட்டத்துத் தர்மராஜ் சேரலாதன் இதற்கு நேர்மாறு. 1975இல் பிறந்தவர். ப்ரோ கபடி தொடங்கிய 2014இலேயே வயது நாற்பதை நெருங்கியிருந்தது. 2016இல் பட்னாவுக்குத் தலைமை தாங்கிப் பட்டம் வென்றார். அதே ஆண்டு அகமதாபாத்தில் உலகக் கோப்பை வென்ற இந்திய அணியிலும் இருந்தார். 44 வயதில் ஹரியானா ஸ்டீலர்ஸுக்குத் தலைவராக இருந்தார். தடுப்பாளர் அவர், ரைடர் அல்ல. எதிராளி எப்போது எடையை மாற்றுவார் என்று படிக்கிற கண் வயதோடு மங்குவதில்லை. ரைஸையும் சேரலாதனையும் நீண்ட நாள் களத்தில் வைத்தது இந்தக் கண்தான், கூடவே வெறித்தனமான உடற்பயிற்சி.

ரைஸின் கணக்கு 303 ஆட்டம், 1,549 பிடி, 22,895 யார்டு, மொத்தம் 208 டச் டவுன் என்று நிற்கிறது. யார்டு கணக்கில் அடுத்த இடத்திலிருக்கும் லாரி ஃபிட்ஸ்ஜெரால்டு எடுத்தது 17,492. நல்ல ரிசீவர் ஒருவர் ஐந்து ஆண்டு குறையில்லாமல் ஆடி எடுப்பதுதான் இருவருக்கும் இடையிலுள்ள தூரம். 2006இல் 49ஏர்ஸ் அவரை ஒரு நாள் ஒப்பந்தத்தில் மீண்டும் சேர்த்து, அந்த அணியின் ஆளாகவே ஓய்வுபெற வைத்தது. ஒப்பந்தத் தொகை 1985806 டாலர் 49 சென்ட். அணிக்கு வந்த 1985, சட்டை எண் 80, ஓய்வுபெற்ற 06, அணிப் பெயரின் 49. பணம் கைமாறவில்லை, காகிதம் மட்டும். 2010இல் ஒஹையோ மாநிலம் கேன்டனில் உள்ள புகழ் மன்றத்தில் முதல் வாய்ப்பிலேயே சேர்க்கப்பட்டார். அவர் மகன் பிரெண்டன் ரைஸும் வைட் ரிசீவர்தான். 2024 டிராஃப்டின் கடைசிச் சுற்றில் லாஸ் ஏஞ்சலஸ் சார்ஜர்ஸ் அவரை எடுத்தது. தந்தையின் பெயர் முதல் சுற்று வரை எட்டவில்லை.

இந்த ஆட்டம் நம் பக்கத்துக்கு வர முயன்றதும் உண்டு. 2012இல் இந்திய, இலங்கை அணிகளைச் சேர்த்து ‘எலைட் ஃபுட்பால் லீக் ஆஃப் இந்தியா’ கொழும்பில் ஆட்டங்கள் நடத்தியது. கபடியும் ரக்பியும் ஆடியவர்களுக்குச் சில மாதப் பயிற்சி கொடுத்துக் களம் இறக்கினார்கள். தொடர்ந்து நிலைக்கவில்லை. கவசம், தலைக்கவசம், அகன்ற மைதானம் எல்லாம் செலவு. பார்ப்பவர்களுக்கோ விதி தெரியாது. இப்போது திறந்திருப்பது வேறு வாசல். 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் ‘ஃப்ளாக் ஃபுட்பால்’ ஆண், பெண் இரு பிரிவிலும் இடம்பெறுகிறது. அணிக்கு ஐந்து பேர், சிறிய களம், கவசம் கிடையாது. ஆளை இடித்துச் சாய்ப்பதற்குப் பதில் இடுப்பில் தொங்கும் துணிப்பட்டையைப் பிடுங்கினால் போதும். பிடுங்க வரும் கையிலிருந்து இடுப்பைத் திருப்பி நழுவுவது கபடி ரைடருக்குச் சொல்லித் தர வேண்டாத பாடம். ஓடிக்கொண்டே தோளுக்கு மேலாகத் திரும்பி, சுழன்று வரும் பந்தைக் கையில் வாங்குவது அவருக்கு முற்றிலும் புதியது. அதற்கு ஒரு பந்தும், எறிய ஒருவரும், மாலையில் ஒரு மணி நேரமும் வேண்டும்.